தீவகத்தின் இரவுகள்: ஒலிப்பதிவுக்கு வெளியே ஓர் இசை வரலாறு

றொக் இசை ரசிகர்கள் தமக்குப் பிடித்த பாட்டுகளைப் பற்றி வாதிடும்போது அவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. வாதிடும் இருவரும் கேட்டிருப்பது ஒரே இசைத்தட்டை. பீற்றில்ஸின் தட்டு லிவர்பூலிலும் கொழும்பிலும் ஒரே ஒலியைத்தான் தந்தது. 1969 ஆகஸ்டில் வூட்ஸ்ரொக் விழாவில் ஜிமி ஹென்றிக்ஸ் மின்கிற்றாரில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தபோது திங்கட்கிழமை காலையாகிவிட்டது. கூட்டத்தில் பெரும்பகுதி வீடு திரும்பியிருந்தது. ஆனாலும் அந்த வாசிப்பு இன்றும் பேசப்படுகிறதென்றால் அடுத்த ஆண்டு வெளிவந்த திரைப்படமும் இசைத்தட்டும்தான் காரணம். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு, புங்குடுதீவு, காரைநகர் என்று விரியும் யாழ்ப்பாணத் தீவகத்தின் இசையை இதே கோலால் அளந்தால் மிஞ்சுவது சொற்பம். இங்கே இசை நினைவு இரவுகளாகவே அடுக்கப்பட்டிருக்கிறது: எந்தக் கோயில், எத்தனையாம் திருவிழா, யாருடைய உபயம், எத்தனை கூட்டம் மேளம். ஒலிப்பதிவையும் அச்சையும் மட்டும் நம்பி எழுதப்படும் ஈழத்து இசை வரலாறு தீவகத்தை இரண்டு வரியில் கடந்துபோவது அதனால்தான். இரவை அலகாகக் கொண்டு பார்த்தால் அந்த வரலாறு வேறுவிதமாகத் தெரியும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் திருவிழாவின் ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பத்தின் அல்லது ஒரு பகுதியாரின் பொறுப்பு. நேற்றைய உபயகாரர் இரண்டு கூட்டம் மேளம் பிடித்திருந்தால் இன்றையவர் நான்கு பிடிப்பார். உள்ளூர் வித்துவான்கள் போதாதென்று தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்தும் வரவழைப்பார். சுவாமி வெளிவீதி வரும்போது ஓரிடத்தில் நிறுத்திச் சமா வைப்பார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் இராகத்தை எடுப்பார்; ஒரு தவிலின் சொல்லுக்கு அடுத்த தவில் மறுமொழி சொல்லும். இதை வீம்புச் செலவு என்று கண்டித்தவர்கள் உண்டு. கண்டனம் நியாயமானதே. ஆனால் அந்த வீம்புதான் ஒரே கூட்டத்தின் முன் பல வித்துவான்களை அருகருகே நிறுத்தி, ஒப்பிட்டுக் கேட்கும் காதுகளை உண்டாக்கியது. இன்னொன்றும் உண்டு. றொக் இசைக்கு மின்சாரம் உயிர். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலையமைப்போடு இணையாமல் டீசல் மின்பிறப்பாக்கிகளை நம்பியிருந்தவை; இந்திய நன்கொடையில் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின்திட்டத்துக்கு ஒப்பந்தம் கைச்சாத்தானதே 2024இல்தான். நாதஸ்வரமும் தவிலும் மின்சாரத்துக்காகக் காத்திருக்கவில்லை. திறந்த வெளியில் ஊர் முழுக்கக் கேட்பதற்கென்றே அமைந்த கருவிகள் அவை. குறிகட்டுவான் இறங்குதுறையில் வள்ளமேறி நயினாதீவு நாகபூஷணி அம்மனின் ஆனித் திருவிழாவுக்குப் போகும் மேளகாரருக்குக் கருவியைத் தவிர வேறு சுமை வேண்டியதில்லை.

இந்த மரபின் உச்சமாகச் சொல்லப்படுபவர் தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி. தந்தை விசுவலிங்கம் காரைதீவுக்காரர், அதாவது இன்றைய காரைநகர். அவரும் தவில் வித்துவான். 1933இல் பிறந்த தெட்சணாமூர்த்தி 1975இல், நாற்பத்திரண்டு வயது நிறையுமுன்னே, மறைந்தார். எஞ்சியுள்ள ஒலிப்பதிவுகள் அவருடைய புகழோடு ஒப்பிட மிகக் குறைவு. அவரைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் இந்திய தேசிய விருது பெற்றது; ஒலி அதிகம் கிடைக்காத கலைஞர் ஒருவரை, கேட்டவர்களின் சொல்லையும் துணைக்கொண்டே அந்தப் படம் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. இங்கே ஒரு மறுப்பு எழும். பதிவில்லாத கச்சேரியைப் பற்றிய புகழ்ச்சி ஊர்ப்பெருமை கலந்தது, காலம் போகப்போகப் பெருகுவது, அதை எப்படிச் சான்றாகக் கொள்வது? தனி ஒருவரின் நினைவு பெருகும் என்பது உண்மை. ஆனால் இது தனி நினைவல்ல. கையில் தாளம் போட்டபடி கேட்டவர்கள், தப்பினால் கண்டுபிடிப்பவர்கள், அடுத்த உபயகாரரின் மேளத்தை உயர்த்திப் பேசக் காரணமுள்ள எதிர்க்கட்சிக்காரர், எல்லோரும் அங்கே இருந்தார்கள். தமிழகத்து நாதஸ்வர மேதைகள் தங்களுக்குத் தவில் வாசிக்க அவரை அழைத்ததும் ஊருக்கு வெளியேயிருந்து கிடைக்கும் சாட்சி. போட்டியாளரும் ஒப்புக்கொண்ட புகழை வெறும் ஏக்கம் என்று தள்ளுவது சோம்பேறித்தனம்.

இதைவிடக் கனமான மறுப்பு சாதி பற்றியது. அந்த இரவுகளை நினைவுகூர்பவர்கள் பெரும்பாலும் கோயிலுக்குள் தடையின்றி நடமாடியவர்கள். 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது என்பதே அன்றைய வீதியில் யார் எங்கே நிற்கலாம் என்பதைச் சொல்லிவிடும். மேளகாரரையும் கலைக்காகக் கொண்டாடி, சாதியால் தள்ளி வைத்த சமூகம் அது. ஆக, மறக்கமுடியாத இரவுகளின் பட்டியல் ஒன்று இருந்தால் அது ஒரு சாராரின் பட்டியல்தான். இதற்குப் பதில் அந்தப் பட்டியலைக் கிழிப்பதல்ல, அருகே மற்றப் பட்டியல்களை வைப்பது. தீவகத்தின் கத்தோலிக்க ஊர்களில் அண்ணாவியார் பழக்கிய தென்மோடிக் கூத்து விடியவிடிய நடந்தது. பாடியவர்களே ஆடினார்கள், கடலுக்குப் போகிறவர்கள் இரவில் அரசராக நின்றார்கள். கூத்து மரபை ஆய்ந்தவர்கள் பிரதியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள், குரலைப் பற்றிக் குறைவு. எந்த வரவுப் பாட்டை எந்தக் குரல் எப்படி எடுத்தது என்ற அறிவு வயதானவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது.

ஈழத்துப் பொப்பிசையின் கதை தவிலின் கதைக்கு நேர்மாறு. அறுபதுகளின் பிற்பகுதியிலிருந்து நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன், அமுதன் அண்ணாமலை போன்றவர்கள் கிற்றாரும் பொங்கோவுமாக மேடையேறினார்கள். போர்த்துக்கேயரும் ஆபிரிக்க வம்சாவளியினரும் இலங்கைக் கரையில் விட்டுச்சென்ற பைலாத் தாளம் அவர்கள் கைக்கு வந்தது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ்ச் சேவை பற்றரி றேடியோ வழியாக அந்தப் பாட்டுகளைக் கம்பி போகாத தீவுகளுக்கும் கொண்டுபோனது. இவை பகிடிப் பாட்டுகள், சாராயக் கொண்டாட்டத்துக்கு உரியவை என்று கர்நாடக இசைக்காரர் ஒதுக்கினார்கள். மேல்நாட்டு றொக் கேட்டவர்களோ இதில் றொக் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். இரு சாராரும் மொழியைக் கவனிக்கவில்லை. கோடம்பாக்கத்துப் பாட்டு ஒருபோதும் பேசாத யாழ்ப்பாணப் பேச்சு இவற்றில் தாளத்தோடு ஒலித்தது. ‘சின்ன மாமியே’யும் ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’யும் நிலைத்ததற்கு மெட்டு பாதிக் காரணம், அந்தப் பேச்சு மறுபாதி. இளைஞர் சில கருவிகளோடு தம் சொந்தப் பேச்சில் பாடத் துணிவதுதான் றொக்கின் தொடக்கம் என்றால், இதற்கும் அதற்கும் உறவு இல்லையென்று எப்படிச் சொல்வது? மனோகரன் பாடிய ‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்து கடல் தாண்டித் தமிழகம் போய், அங்கே கல்லூரிச் சுற்றுலாப் பேருந்துகளின் பாட்டானது. அதைப் பாடுகிற பலருக்கு அவர் யாரென்று தெரியாது. தவிலில் பெயர் நின்று ஒலி போயிற்று. பொப்பில் ஒலி நின்று பெயர் போகிறது.

போர் இரண்டையும் சேர்த்து அடித்தது. 1985 மே 15 அன்று நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். திருவிழாவுக்குப் போகிற கடலும் அதுதான். 1990 ஆகஸ்டில் தொடங்கிய இராணுவ நடவடிக்கைகளோடு தீவகத்தின் பெரும்பகுதி வெறிச்சோடியது. புங்குடுதீவுக் கவிஞர் சு. வில்வரத்தினம் ‘காற்றுவழிக் கிராம’த்தில் எழுதியது அந்த வெறுமையைத்தான், தன் கவிதைகளைப் பாடியே அரங்கேற்றியவர் அவர். கச்சேரி நின்றுபோவது பெரிய இழப்பல்ல, மறுபடி வைக்கலாம். ஒப்பிட்டுக் கேட்ட கூட்டம் பாரிஸ், ரொறன்ரோ, லண்டன் என்று பிரிந்ததுதான் இழப்பு. பாரிஸ் லாச்சப்பல் பிள்ளையார் தேருக்கு நாதஸ்வரமும் தவிலும் வருகின்றன. ஆனால் நேற்றைய மேளத்தை இன்றைய மேளத்தோடு ஒப்பிட்டுக் கேட்ட கூட்டம் அங்கே முழுதாக இல்லை.

இப்போது எல்லாம் கைத்தொலைபேசியில் பதிவாகிறதே, இரவை அலகாக்க வேண்டிய தேவை என்ன என்று கேட்கலாம். 2024 பெப்ரவரி 9 அன்று யாழ்ப்பாணம் முற்றவெளியில் பின்னணிப் பாடகர் ஹரிஹரனின் இசைநிகழ்ச்சி நடந்தது. கூட்டம் தடுப்புகளை உடைத்து உள்ளே புகுந்தது, நிகழ்ச்சி குழம்பியது. இளைஞரின் ஒழுங்கீனம் என்று சிலரும் ஏற்பாட்டாளரின் பிழை என்று சிலரும் எழுதினார்கள். இரண்டிலும் உண்மை இருக்கும். ஆனால் ஹரிஹரனின் பாட்டு ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இலவசமாகக் கிடக்கும் காலத்தில் அத்தனை பேர் அங்கே திரண்டார்கள். அவர்கள் தேடி வந்ததைப் பாட்டு என்று சொன்னால் கணக்கு உதைக்கும். யூரியூபில் ஏறும் சமாக் காணொளிகளில் விடுபடுவதும் அந்தக் கூடிக் கேட்டல்தான். தவில்காரரின் விரலை அருகில் காட்டுகிறார்கள், கேட்கிறவர்களைக் காட்டுவதில்லை. தாளம் போடுகிற கைகளும், ஒரு தீர்மானம் சரியாக விழுந்ததும் வாய்விட்டுச் சொல்லப்படும் பாராட்டும் சட்டகத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. நயினாதீவிலோ ஊர்காவற்றுறையிலோ அடுத்த திருவிழாவைப் பதிவுசெய்யப் போகிறவர்கள் ஒரு கமெராவையாவது வீதியின் மறுபக்கம் திருப்பி வைக்கலாம். யாருடைய உபயம், எந்த மேளம், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் கூடவே எழுதி வைக்கலாம்.