கலைக்களஞ்சியத்தில் ஒரு மலையகப் பெயர்

தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. பெ. தூரன் அதன் முதன்மை ஆசிரியர். எவர் பெயர் அதில் இடம்பெறலாம் என்பது ஆசிரியர் குழுவின் கையில் இருந்தது. இன்று இணையக் கலைக்களஞ்சியமாகிய விக்கிப்பீடியாவில் யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். 2003இல் தோன்றிய அதன் தமிழ்ப் பதிப்பைத் தொடக்க காலத்தில் கட்டியெழுப்பியவர்களுள் முன்னிற்பவர் இலங்கையரான இ. மயூரநாதன் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி. அறிவுத் துறையில் நிகழ்ந்த இந்த ஜனநாயக மாற்றத்தைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயினும் எல்லோருக்கும் திறந்த கதவுக்கும் எல்லோரும் எட்டக்கூடிய கதவுக்கும் வேற்றுமை உண்டு. புதிதாகத் தெரிவான மலையக அரசியல்வாதி ஒருவரைப் பற்றிய பதிவை ஆராயப் புகுந்தால் அவ்வேற்றுமை தெளிவாகும்.

2024 நவம்பர் 14இல் நடந்த பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்திலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும், பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் தேசிய மக்கள் சக்தியின் சார்பில் தெரிவாயினர். மலையகத் தமிழ்ப் பெண்கள் மக்களின் வாக்கால் நாடாளுமன்றம் புகுந்தது அதுவே முதல் தடவை. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். இம்மக்கள் இத்தீவுக்கு வந்து 200 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அப்படியிருந்தும் முதல் தடவை!

புதிய உறுப்பினரைப் பற்றிய பதிவு வழக்கமாக எவ்வாறு அமையும் என்பதைக் கலைக்களஞ்சியத்தோடு பழகியவர் அறிவர். பெயர், கட்சி, மாவட்டம், தெரிவான ஆண்டு, பெற்ற விருப்பு வாக்குகள், அடியில் தேர்தல் முடிவுக்கு ஒரு சான்று. பிழை எதுவும் இல்லை. ஆனால் எந்தச் சமூகச் சூழல் அவரை உருவாக்கியது, எந்தப் பிரச்சினையின் பேரில் மக்கள் அவரிடம் வாக்கை ஒப்படைத்தனர் என்ற வினாக்களுக்கு அங்கே விடை தேடுவது வீண் முயற்சி.

அதே மாவட்டத்தில், அதே தேர்தலில் தெரிவான ஜீவன் தொண்டமானைப் பற்றி எழுதப் புகுபவருக்கு இந்த இடர்ப்பாடு கிடையாது. தந்தை ஆறுமுகன், தந்தையின் பாட்டனார் சௌமியமூர்த்தி என்று முக்கால் நூற்றாண்டின் பத்திரிகைச் செய்திகள் அவர் பிறக்கும் முன்பிருந்தே குவிந்து கிடக்கின்றன. இது அவர்மீது சாட்டும் குற்றமன்று. பதிவு முறையின் இயல்பு. வெளியிடப்பட்ட நம்பத்தக்க ஆதாரம் இல்லாத எதையும் எழுதலாகாது என்பது அக்களஞ்சியத்தின் விதி. நல்ல விதி. அது இல்லாவிடில் ஒவ்வொரு பதிவும் தேர்தல் சுவரொட்டியாகிவிடும். எனினும் லயத்து வாழ்க்கை எப்பொழுது அச்சேறியது? துரையின் நிர்வாக அறிக்கை அச்சேறியது. தேயிலையின் ஏல விலை அச்சேறியது. தொழிலாளியின் பெயரோ செக்ரோலில் மட்டும் எழுதப்பட்டது. சொத்தைப் போலவே ஆதாரமும் பரம்பரையாகக் கைமாறுகிறது. நடுநிலையான விதி, சமமற்ற சமுதாயத்தில் செயற்படும்போது, சமமின்மையையே பிரதி செய்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொரு குறை இதனினும் பெரிது. ‘தெரிவு செய்யப்பட்டார்’ என்ற சொல்லை இப்பதிவுகள் எவ்விதச் சலனமுமின்றி எழுதிச் செல்கின்றன. யாழ்ப்பாணத்தைப் பற்றியோ மதுரையைப் பற்றியோ அப்படி எழுதலாம். நுவரெலியாவைப் பற்றி எழுதலாகாது. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியாவிலிருந்தும், சி. வி. வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்தும் தெரிவாயினர். மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது; 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952 தேர்தலில் அவர்களுள் ஒருவர்கூட மீளவில்லை. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை எண்களாக்கி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. 1977இல்தான் தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் வெல்ல முடிந்தது. நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்ட முடிவு காண 2003 வரை காத்திருக்க நேர்ந்தது. இத்தனையும் கடந்து இடப்பட்ட புள்ளடிகளைக் கூட்டி ஒரு தொகையாக எழுதிவிட்டு, வரலாறு எழுதிவிட்டோம் என்று திருப்தியடைய முடியுமா?

வேலுப்பிள்ளையின் பெயர் இன்று நிலைத்திருப்பது நாடாளுமன்ற ஆசனத்தாலன்று, அவர் எழுதிய எழுத்தால். தொழிற்சங்கவாதியே கவிஞராகவும் இருந்தமையால் ஆதாரத்தை அவரே படைத்துவிட்டார். கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மையும் அவ்வாறே. தொழிலாளரிடையே பாடிய பாடல்களை அவர் அச்சிட்டும் வெளியிட்டார். அதனாலன்றோ நாம் அவரை அறிவோம். பாடி மட்டும் சென்ற பெண்கள் எத்தனை பேரோ!

புதிய உறுப்பினரைப் புகழ்ந்து எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. முற்போக்கு அணியினருக்கும் புகழ்மாலை தொடுக்கும் பழக்கம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அம்மாவட்டத்தின் 8 ஆசனங்களுள் 5ஐ வென்ற கட்சி, ஆட்சியையும் கையில் வைத்துக்கொண்டு, லயத்துக் காணிக்கும் நாட்சம்பளத்துக்கும் என்ன செய்தது என்பதும் அதே பதிவில் ஏறவேண்டும். 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட சம்பளம், பறிக்கும் கொழுந்தின் நிறையோடு எவ்வாறு பிணைக்கப்படுகிறது என்பதும் ஏறவேண்டும். வாக்குத் தொகையைவிட வாசகனுக்குப் பயன்படும் செய்தி அது.

இவை ஏறுவதற்கு முதலில் அச்சு வேண்டும். இத்துறையில் ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய பணி நிறைய உண்டு. தொழிற்சங்கத் துண்டுப் பிரசுரங்களும், தோட்டப் பாடசாலை மலர்களும், சிறு சஞ்சிகைகளும் வீட்டுப் பெட்டிகளில் செல்லரிக்கின்றன. 2005 முதல் இயங்கிவரும் நூலகம் என்ற எண்ணிம நூலகம் ஈழத்து ஏடுகளைத் திரட்டிப் பாதுகாக்கிறது. மலையக ஏடுகளை அங்கே சேர்ப்பிக்கலாம். உயிருடன் இருப்போரின் நினைவுகளைக் கேட்டெழுதிச் சிறு நூலாக வெளியிட்டால், நாளைய பதிவுக்கு அதுவே சான்றாகும்.

பதிவின் ஓரத்தில் ‘பிறந்த இடம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் அதில் மாவட்டத்தின் பெயரோ நகரின் பெயரோ போதுமென்று விட்டுவிடுகின்றனர். தோட்டத்துக்குக் கம்பெனி வைத்தது ஆங்கிலப் பெயர். காட்டை வெட்டிக் கன்று நட்டவர்கள் வழங்கியது தமிழ்ப் பெயர். இவ்விரண்டாம் பெயரைச் சொல்லக்கூடிய முதியவர்கள் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இன்னும் இருக்கின்றனர்.