உறைந்த உயிரணுவும் உரைகல்லும்: புரத வடிவம் காணும் மூன்று மரபுகள்

உயிரணுவை நொடிப்பொழுதில் உறையவைத்து, புரதங்களை அவை இருந்த இடத்திலேயே காணும் கலை கிரையோ எலக்ட்ரான் டோமோகிராபி. மாதிரியை −60 முதல் +60 பாகை வரை சாய்த்துச் சாய்த்துப் படமெடுப்பார்கள். மூன்று பாகைக்கு ஒன்று என்றால் 41 படங்கள். அந்தத் தட்டைப் படங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தை மீட்பது கணக்கின் வேலை. இக்கணக்கில் மூன்று மரபுகள் வேரூன்றியுள்ளன.

முதலாவது, படங்களை வந்த திசையிலேயே திருப்பிப் பரப்பிக் கூட்டும் மரபு. வெறுமனே கூட்டினால் உருவம் மங்கிவிடும். முன்னதாக ஒரு வடிப்பான் தேவை. எக்ஸ்ரே படங்களுக்கும் எலக்ட்ரான் படங்களுக்கும் பொருந்தும் எளிய கணக்காக அதை 1971-இல் வகுத்தவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லட்சுமிநாராயணனும். 'ராம்-லாக்' வடிப்பான் என்று உலகம் அதை அழைக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பெரும்பணி செய்து, பின் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்றவர் ராமச்சந்திரன். கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் கடந்து செல்லும் நெடுஞ்சாலையின் இரு முனைகளும் அவரைச் சொந்தம் கொண்டாடலாம்.

இரண்டாவது, சராசரி காணும் மரபு. எலக்ட்ரான் கற்றை மாதிரியைச் சிதைக்கும் என்பதால் ஒவ்வொரு படத்துக்கும் சிறிதளவே பாய்ச்சுவார்கள். படம் முழுக்க இரைச்சலாக இருக்கும். ஆகவே ஒரே புரதத்தின் ஆயிரக்கணக்கான பிரதிகளை வெட்டியெடுத்து, திசை பொருத்தி, சராசரி காண்கிறார்கள். ரெலியான், டைனமோ, எம் ஆகிய மென்பொருள்கள் இவ்வழியின. 2021-இல் எம் மென்பொருள், பாக்டீரியாவுக்குள் இருக்கும் ரைபோசோமை 3.5 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் காட்டியது.

மூன்றாவது, நரம்பு வலைப்பின்னல் மரபு. 60 பாகைக்கு மேல் சாய்த்தால் எலக்ட்ரான் கடக்கவேண்டிய பனியின் தடிமன் இரட்டிப்பையும் தாண்டிவிடும். அதனால் அந்தக் கோணங்களின் தகவல் கிடைப்பதில்லை. 2022-இல் வந்த ஐசோநெட் மென்பொருள் அந்த இடைவெளியைக் கற்றறிந்து நிரப்புகிறது.

மரபு எதுவானாலும் உரைகல் ஒன்றே. வெறும் இரைச்சலை ஐன்ஸ்டைன் படத்தோடு பொருத்திச் சராசரி கண்டால் ஐன்ஸ்டைனே தோன்றுவார்! எதிர்பார்ப்பே விடையாகும் இந்த ஆபத்தைத் தவிர்க்கத் தரவை இரு பாதிகளாகப் பிரித்து, தனித்தனியே வடிவம் கண்டு, ஒப்பிடுகிறார்கள். நுண்ணிய விவரங்களை நோக்கிச் செல்லச்செல்ல இரண்டுக்கும் உள்ள ஒட்டுறவு 0.143 வரை இறங்கும் இடமே நுணுக்கத்தின் எல்லை. கடைசல் பிடித்தவர் சொல்வதோடு நில்லாமல் தர ஆய்வுப் பிரிவு தனியே அளக்கும் ஓசூர்த் தொழிற்சாலை ஒழுங்கு இதுவே. கட்டிய புரத மாதிரியின் கோணங்களை இறுதியில் சோதிப்பது 1963-இன் ராமச்சந்திரன் வரைபடம். தொடக்கக் கணக்கிலும் முடிவுச் சோதனையிலும் அவர் பெயர் நிற்கிறது.

பெங்களூரு ஜி.கே.வி.கே. வளாகத்தில் தேசிய கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கி மையம் இயங்குகிறது. ரெலியான் இலவசம், எம்பியார் களஞ்சியத்தில் மூலப்படங்கள் எவருக்கும் திறந்திருக்கின்றன. துல்லியத்தைத் தொழிலாகக் கொண்ட நம் கிருஷ்ணகிரி எல்லை மாவட்டத்துப் பொறியியல் மாணவர்கள் இக்கலையைக் கற்கவேண்டும். சோதித்த பிறகே நம்பும் ஒழுக்கத்தோடு கற்கவேண்டும்.