உதடும் குரலும்

படத்தொகுப்பை ரசித்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வெட்டைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எந்த இடத்தில் வெட்டினார், அந்த முகத்தில் ஏன் ஒரு நொடி கூடுதலாக நின்றார் என்றெல்லாம். எனக்கோ, எடிட்டர் வந்து உட்காருவதற்கு முன்பே அசிஸ்டென்ட் எடிட்டர் முடித்து வைக்கிற வேலை மேல் தனிப் பிரியம். கார்டைக் காப்பி எடுத்து, கிளிப்புகளை மென்பொருளுக்குள் இறக்கி, ஒவ்வொன்றிலும் ஒலி ஒழுங்காக வருகிறதா என்று கேட்டு, வராதவற்றுக்குக் காரணம் கண்டுபிடித்து, தனி ரெக்கார்டரில் பதிந்த ஒலியைப் படத்தோடு பொருத்தி, அதாவது சிங்க் செய்து, அடுக்குகிற வேலை. அதைத் தெரிந்தவர் செய்யும்போது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

மண்பானை வாங்குகிறவர்கள் விரலால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று வராவிட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறது என்று அர்த்தம். இங்கேயும் அப்படித்தான். ஒலிக் கோளாறு வரும்போது மென்பொருள் பெரும்பாலும் வாய் திறந்து எதுவும் சொல்லாது. கிளிப் டைம்லைனில் உட்கார்ந்திருக்கும், படம் ஓடும், ஒலி மட்டும் ஏதோ ஒரு விதத்தில் தப்பாக இருக்கும். அது எந்த விதத்தில் தப்பு என்பதிலேயே காரணம் அடங்கியிருக்கிறது. அவசரக்காரர்கள் மென்பொருளை அழித்து மறுபடி போடுவார்கள்; தேர்ந்தவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை கேட்பார்.

குரல் கொஞ்சம் கீச்சென்று, அவசரமாக ஒலிக்கிறதா? உடனே மாதிரி எடுத்த வேகத்தைப் பார்ப்பார். வீடியோ உலகம் ஒலியை நொடிக்கு 48,000 மாதிரிகளாகப் பதிவு செய்கிறது. சிடி உலகம் 44,100. அந்த 44,100 வந்த கதை அழகானது. டிஜிட்டல் ஒலியைச் சேமிக்கத் தனிக் கருவிகள் அரிதாக இருந்த எழுபதுகளின் கடைசியில், அதைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக்கி வீடியோ டேப்பில் படமாகவே பதிந்தார்கள். அமெரிக்க முறையில் 245 கோடு, கோட்டுக்கு 3 மாதிரி, நொடிக்கு 60 முறை. ஐரோப்பிய முறையில் 294 கோடு, 3 மாதிரி, 50 முறை. பெருக்கிப் பாருங்கள், இரண்டுமே 44,100. இந்த எண்ணில் பதிந்த ஒலியை 48,000 என்று நினைத்து ஓடவிட்டால் 8.8 சதவீதம் வேகமாகும், சுருதியும் ஏறும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரைக்கும் இரண்டுக்கும் நடுவில் போய் நிற்பார். இன்றைய மென்பொருள்கள் இந்த மாற்றத்தைத் தாமே செய்துகொள்கின்றன. கோப்பின் தலைப்பில் தப்பான எண் பதிந்திருந்தால்தான் இது நடக்கும். சங்கீதம் கேட்ட காது இதை ஒரு வாக்கியத்தில் பிடித்துவிடும்.

என்னை அதிகம் மயக்குவது நழுவல். ஆரம்பத்தில் உதடும் குரலும் ஒட்டியிருக்கும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் குரல் பின்னால் வந்துகொண்டிருக்கும். 1952-இல் வந்த ‘சிங்கிங் இன் த ரெய்ன்’ படத்தில், பேசும் படத்தின் முன்னோட்டக் காட்சியில் சிங்க் நழுவி, நாயகியின் குரல் வில்லனுக்கும் வில்லன் குரல் நாயகிக்கும் போய்விடுகிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளர்களுக்குச் சிரிப்பு. அசிஸ்டென்டுக்கு அது ஒரு கணக்கு.

அவர் கிளிப்பின் தலையில் கிளாப் அடித்த இடத்தைப் பொருத்திவிட்டு நேராக வாலுக்குப் போவார். அங்கே எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளப்பார். தலையிலும் வாலிலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அது நழுவலே இல்லை, மொத்தமாக நகர்த்தி வைத்தால் தீர்ந்தது. போகப் போகக் கூடினால்தான் வகுத்துப் பார்க்க வேண்டும். மணிக்கு 3.6 நொடி வருகிறதா? அது ஆயிரத்தில் ஒரு பங்கு. கேமரா மெனுவில் 24 என்று எழுதியிருந்தாலும் உள்ளே ஓடியது 23.976 ஃப்ரேம். அமெரிக்காவில் 1953-இல் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் வண்ணத்தை நுழைக்க, வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். அந்த ஒரு பங்கு இன்னும் நம் மெமரி கார்டுகளில் குடியிருக்கிறது. அந்தப் படத்தை முழு 24-ஆக ஓடவிட்டால் ஏறக்குறைய 42 நொடிக்கு ஒரு ஃப்ரேம் வீதம் படம் முந்திக்கொள்ளும். மணிக்கு 144 நொடி என்றால் வேறு குற்றவாளி: 24-இல் எடுத்ததை 25-ஆக யாரோ ஓட்டியிருக்கிறார்கள். மணிக்கு ஒன்றோ இரண்டோ ஃப்ரேம்தான் என்றால் யார் மேலும் தப்பில்லை. நேரத்தை அளக்கும் படிகம் கேமராவில் வேறு, ரெக்கார்டரில் வேறு. இரண்டுக்கும் இடையில் பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே மணிக்கு 72 மில்லி நொடி சேர்ந்துவிடும். நீளமான பேச்சில், பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடமாகப் பார்த்து வெட்டி, ஒரு ஃப்ரேம் நகர்த்திவிடுவார். அடுத்த அரை மணிக்குக் கவலையில்லை.

ஃபோனில் எடுத்தது மட்டும் இந்தக் கணக்குக்கு அடங்காது. ஐந்தாம் நிமிடத்தில் நான்கு ஃப்ரேம் தள்ளியிருக்கும், ஏழாம் நிமிடத்திலும் அதே நான்கு, பத்தில் பதினொன்று. ஒழுங்கில்லாத இந்த நழுவலே அடையாளம். வெளிச்சம் குறைந்தால் ஃபோன் தன் இஷ்டத்துக்கு ஃப்ரேம்களைக் குறைத்துக்கொள்கிறது. ஒலியோ சீராக ஓடிக்கொண்டிருக்கிறது. மீடியாஇன்ஃபோவில் கோப்பைத் திறந்தால் ஃப்ரேம் வேகம் மாறக்கூடியது என்று எழுதியிருக்கும். ஹேண்ட்பிரேக்கில் நிலையான வேகத்துக்கு மாற்றி, அதைத்தான் இறக்க வேண்டும். இப்போதைய மென்பொருள்கள் சில இதைத் தாங்கிக்கொள்கின்றன என்றாலும், கல்யாண வீடியோக்காரர்களுக்கு நான் சொல்வது: மாற்றிவிட்டே தொடங்குங்கள்.

எவ்வளவு நழுவினால் கண்ணுக்குப் படும்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை ஒன்று இதை எண்ணாகச் சொல்கிறது. ஒலி 45 மில்லி நொடி முந்தினாலே மனிதர்கள் கண்டுகொள்கிறார்கள். பிந்தும்போது 125 மில்லி நொடி வரை தெரிவதில்லை. 24 ஃப்ரேம் கணக்கில் அது சரியாக மூன்று ஃப்ரேம். இந்தப் பாரபட்சத்துக்குக் காரணம் நாம் வாழும் காற்று. ஆற்றின் அக்கரையில் துணி துவைப்பவரைப் பாருங்கள், துணி கல்லில் பட்டு, கை மறுபடி மேலே போகும்போதுதான் ஓசை வந்து சேரும். ஒரு ஃப்ரேம் நேரத்தில் ஒலி 14 மீட்டர் போகிறது. பிந்தி வரும் ஒலியோடு காலமெல்லாம் பழகியிருக்கிறோம். முந்தி வரும் ஒலி இயற்கையில் கிடையாது. அதனால்தான் சந்தேகம் வந்தால் நல்ல அசிஸ்டென்ட் குரலை அரை ஃப்ரேம் பின்னால் வைப்பார், முன்னால் வைக்கவே மாட்டார்.

ஒலியே வராத கிளிப்புகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேவ்ஃபார்ம் தெரிந்தும் கேட்கவில்லை என்றால், ட்ராக் மியூட் ஆகியிருக்கும், அல்லது ஒலி வேறு ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கும். பிரீமியரில் என்றால், கீழே ஓடும் கன்ஃபார்ம் வேலை முடியும்வரை பொறுத்துப் பார்க்கலாம், அதற்கும் மசியாவிட்டால் மீடியா கேஷை அழிக்கலாம். வேவ்ஃபார்மே இல்லை என்றால் குற்றவாளி கோடெக்: ஒலியைச் சுருக்கிய முறை மென்பொருளுக்குப் புரியவில்லை. டாவின்சி ரிசால்வ் லினக்ஸில் நெடுங்காலமாக ஏஏசி ஒலியைத் திறக்காமல் அடம்பிடித்தது. அதற்கு மருந்து எஃப்எஃப்எம்பெக்கில் ஒரே வரிக் கட்டளை: படத்தைத் தொடாமல் அப்படியே நகல் எடு, ஒலியை மட்டும் பிசிஎம் ஆக்கு. ஒரு மணி நேரக் கிளிப்பும் சட்டென்று முடிந்துவிடும். நோய் இருக்கும் இடத்தை மட்டும் தொடுகிற வைத்தியம் என்பதால் எனக்கு அது பிடிக்கும்.

எதிர்க்கட்டக் கோளாறோ (அவுட் ஆஃப் ஃபேஸ்) ஒரு மாயம்தான். பேட்டி எடுத்திருக்கிறார்கள், ஹெட்போனில் குரல் கேட்கிறது, ஆனால் அதற்கு ஒரு நடுவிடம் இல்லை. மண்டைக்குப் பின்னால் எங்கோ இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது. அதே கிளிப்பை ஒற்றை ஸ்பீக்கர் ஃபோனில் போட்டால் குரல் காணாமல் போய்விடுகிறது, லேசான இரைச்சல் மட்டும் மிஞ்சுகிறது. டைம்லைனைப் பெரிதாக்கி இரண்டு சேனலையும் பார்த்தால் தெரியும்: இடதில் மேடு வரும் இடத்திலெல்லாம் வலதில் பள்ளம். தொழில்முறை மைக் தன் ஒலியை இரண்டு கம்பிகளில், ஒன்றை நேராகவும் ஒன்றைத் தலைகீழாகவும் அனுப்புகிறது. வாங்கும் கருவி இரண்டின் வித்தியாசத்தை எடுத்தால், வழியில் சேர்ந்த இரைச்சல் கழிந்துபோகும், குரல் தங்கும். அருமையான ஏற்பாடு. அந்த மைக்கைத் தப்பான கேபிளில் சிறிய கேமராவின் ஸ்டீரியோ துளையில் செருகியதால், கேமரா ஒரு கம்பியை இடது என்றும் மற்றதை வலது என்றும் எடுத்துக்கொண்டது. ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கூடும்போது குரல் தன்னைத்தானே அழித்துக்கொள்கிறது. மருந்து மிக எளிது: ஒரு சேனலை எடுத்துவிட வேண்டும், மற்றதை இரண்டு பக்கமும் போட வேண்டும். தொலைந்ததாக நினைத்த குரல் முழுசாக நடுவில் வந்து நிற்கும்.

தமிழ் சினிமாவில் நெடுங்காலம் இதற்கெல்லாம் பெரிய மதிப்பில்லை. தளத்தில் பதிந்த ஒலி டப்பிங்குக்கு வழிகாட்டி மட்டும்தான். அது நழுவினால் யாருக்கு நஷ்டம்? ‘விருமாண்டி’ (2004) போல, தளத்துக் குரலையே வைத்துக்கொண்ட படங்கள் வந்தபோதுதான் அந்த ட்ராக் பொக்கிஷம் ஆனது. இன்று குறும்படம், பேட்டி, ஆவணப்படம் எல்லாம் அந்தக் குரலை நம்பியே நிற்கின்றன.

கிளாப் அடிக்காத கிளிப்புகளும் வரும். வேவ்ஃபார்மை ஒப்பிட்டுத் தானாகச் சிங்க் செய்யும் வசதி முக்கிய மென்பொருள்களில் இருக்கிறது, பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கிறது. கெட்டிமேளம் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் இடத்தில் மட்டும் ஒரு சுற்று தள்ளிப் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே கண்ணும் காதும்தான் கருவி. உதடு மூடித் திறக்கிற ஒலியைத் தேட வேண்டும், நம் மொழியில் ப, ம இரண்டும் அதற்கென்றே இருக்கின்றன. ‘ப’ வெடிக்கும் இடத்தில் வேவ்ஃபார்ம் செங்குத்தாக எழும்பும், உதடு பிரிகிற ஃப்ரேமில் அதை உட்கார வைக்க வேண்டும். கல்யாண வீடியோவில் இதற்குப் பஞ்சமில்லை. யாராவது ஒருவர் கேமரா பக்கம் திரும்பி ‘மாப்பிள்ளை’ என்று கூப்பிட்டிருப்பார். அந்த ஒரு சொல்லில் இரண்டு இடத்தில் உதடு ஒட்டிப் பிரியும். இரண்டும் பொருந்திவிட்டால் அடுத்த கிளிப்புக்குப் போகலாம்.