தாயத்தும் துப்பாக்கியும்

நள்ளிரவு. ஊர் உறங்குகிறது. தன்னந்தனியே ஒரு பெண், தன் வீட்டில். யாரோ உள்ளே புகும் ஓசை! திடுக்கிட்டு எழுகிறாள். தொலைபேசியை எடுக்கிறாள். 'காவலர் வந்துசேரச் சராசரியாக 11 நிமிடம் ஆகும். அதற்குள் காலம் கடந்துவிடும்' என்கிறது பின்னணிக் குரல். அவளிடம் ஒரு பெட்டகம் இருக்கிறது. அதனுள்ளே கைத்துப்பாக்கி இருக்கிறது. அதை நோக்கி விரைகிறாள். கை நீள்கிறது...... பெட்டகம் மறைந்து போகிறது!

திகில் படத்தின் ஒரு காட்சியோ எனக் கேட்பீர்கள். இல்லை. 2016ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலின்போது, தேசிய ரைபிள் சங்கம் எனும் அமைப்பின் அரசியல் பிரிவு தொலைக்காட்சியில் ஒளிபரப்பிய விளம்பரம் இது. பெட்டகத்தை மறையச் செய்த மாயக்காரி யார்? தேர்தலில் நின்ற ஹில்லாரி கிளிண்டன்! அவர் வென்றால் உன் கையில் தொலைபேசி மட்டுமே மிஞ்சும் என்பதே அந்தப் படம் தந்த எச்சரிக்கை.

எந்த வீட்டுக் கதவைத் தட்டி, எந்தத் துப்பாக்கியைப் பறிப்பதாக அந்த அம்மையார் அறிவித்தார்? அப்படி அறிவிக்கவே இல்லை. துப்பாக்கி வாங்க வருவோர் எத்தகையவர் என ஆராயும் முறையை விரிவாக்க வேண்டும் என்றார். துப்பாக்கி வைத்திருத்தல் தனிமனிதரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008இல் அளித்த தீர்ப்பைக் குறை கூறினார். நூலளவு செய்தியைக் கொண்டு தேர்வடம் திரித்துவிட்டனர்.

ஒரு நிமிடம்கூட ஓடாத இந்தப் படத்தைக் கட்டுரை எழுதி ஆராய வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். வேண்டும் என்பதே என் கருத்து. நூறு பக்க நூல் ஒன்று, வாசகனிடம் வாதிட்டு அவன் இசைவைப் பெறுகிறது. அரை நிமிடப் படமோ வாதிடுவதில்லை; நெஞ்சைப் படபடக்க வைக்கிறது; அந்தப் படபடப்பு அடங்குமுன் கையெழுத்தைக் கேட்கிறது. வாக்கைக் கேட்கிறது. காசைக் கேட்கிறது. மக்களாட்சியின் முடிவுகள் இத்தகைய நிமிடங்களில் உருவாகுமானால், அந்த நிமிடங்கள் எப்படிச் செதுக்கப்பட்டுள்ளன என்று காண்பது கலையாராய்ச்சி மட்டுமன்று, கடமையுமாகும்.

நம் நாட்டுப் பகுத்தறிவாளருக்கு இந்தக் கலை புதிதன்று. பேயோட்டும் மந்திரவாதியின் தொழில்முறையை நினைத்துப் பாருங்கள். முதலில், 'உன் வீட்டைச் சுற்றிப் பேய் ஒன்று திரிகிறது' என்பான். அடுத்து, 'மருத்துவரிடம் போய்ப் பயனில்லை. இது அவருக்கு அடங்காது' என்பான். கேட்பவர் முகம் வெளுத்த பிறகே மடியை அவிழ்ப்பான், தாயத்தை எடுப்பான்!

விளம்பரத்திலும் அந்த மூன்று படிகளே, வரிசைகூட மாறாமல் இருக்கின்றன. கள்வனே பேய். காலத்தில் வந்து சேராத காவலரே கைவிட்ட மருத்துவர். துப்பாக்கியே தாயத்து. இவற்றுள் மிக நுட்பமானது இரண்டாவது படி. அண்டை வீட்டார் இல்லை, ஊரார் இல்லை, அரசு இல்லை, சட்டம் இல்லை என ஒவ்வொன்றாக அறுத்து, அந்தப் பெண்ணைத் தனியளாக்கி நிறுத்துகிறார்கள். தனித்து நிற்பவரிடம்தானே தாயத்து விலைபோகும்!

'பேய் பொய். கள்வன் பொய்யல்லவே?' என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கள்வன் உண்டு, கொலைகாரனும் உண்டு. ஆகவே அச்சத்தை அடியோடு மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அளவைக் கேட்க வேண்டும். அச்சத்தின் அளவும் ஆபத்தின் அளவும் ஒத்திருக்கின்றனவா?

அமெரிக்காவில் வன்முறைக் குற்றங்களின் விகிதம் 1993க்கும் 2022க்கும் இடையில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. குற்றம் குறைந்தால் காவலுக்கென ஆயுதம் தேடுவதும் குறைய வேண்டுமல்லவா? நடந்தது வேறு. துப்பாக்கி வைத்திருப்பதன் முதன்மைக் காரணம் என்னவென்று ஏபிசி நியூஸ் - வாஷிங்டன் போஸ்ட் கருத்துக்கணிப்பு 1999இல் கேட்டபோது, வேட்டை என்றோர் 49 விழுக்காடு. தற்காப்பு என்றோர் 26 விழுக்காடு மட்டுமே. 2013இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது தற்காப்பு 48 ஆயிற்று. 2023இல், சற்றே வேறு வகையில் கேட்டபோது, தற்காப்பே பெரிய காரணம் என்றோர் 72 விழுக்காடு! ஆபத்து இறங்குகிறது, அச்சம் ஏறுகிறது. விளம்பரம் ஒன்றே இதற்குக் காரணம் என்றால் அது மிகை. செய்தித்தாளுக்கும் தொலைக்காட்சிக்கும் இதில் பங்குண்டு. தொழிற்சாலைகளின் விற்பனை நாட்டத்துக்கும் பங்குண்டு. ஆனால், இறங்கிய உண்மையைச் சொல்லாமல் ஏறிய அச்சத்துக்கு எண்ணெய் வார்த்தவர்கள், 'எமக்கும் அதற்கும் தொடர்பில்லை' என்று கைகழுவ முடியாது.

இந்தச் சங்கம் தோன்றியபோது அச்சம் அதன் சரக்கன்று. உள்நாட்டுப் போரில் தம் படைவீரர்கள் குறிதவறிச் சுட்டதைக் கண்டு வருந்திய வடபுல அதிகாரிகள் இருவர், குறிபார்த்துச் சுடப் பயிற்சி தர 1871இல் நியூயார்க்கில் தொடங்கிய கழகம் அது. 1977இல் சின்சினாட்டியில் கூடிய ஆண்டுக் கூட்டத்தில், துப்பாக்கி உரிமை அரசியலே தலையாய பணி என்ற பிரிவினர் தலைமையைக் கைப்பற்றினர். குறி மாறிற்று! அதன் பிறகு பேய்களின் பட்டியல் நீண்டது. 1995இல் நிதி கேட்டு அனுப்பிய மடலில், கூட்டரசு அதிகாரிகளையே இராணுவ மூடுகாலணி அணிந்த முரடர்களாகச் சித்திரித்தனர். அரசே பேயாயிற்று! முன்னாள் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் புஷ் — தந்தையார் — வெகுண்டு, தம் வாழ்நாள் உறுப்பினர் பதவியை உதறினார். 2013இல், ஒபாமாவின் பிள்ளைகளுக்குக் காவல் உண்டு, உம் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை எனும் பொருளில் ஒரு படம் வெளியிட்டனர். பெற்ற மனத்தின் பதற்றமே அங்கே மூலதனம்.

தாயத்து பலித்ததா என்று பார்க்க வேண்டாமா? 2012 டிசம்பர் 14 அன்று சாண்டி ஹூக் பள்ளியில் குழந்தைகள் 20 பேரும் பெரியவர்கள் 6 பேரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு வாரம் சென்று, சங்கத்தின் தலைவர்களுள் முதன்மையானவரான வேய்ன் லாபியேர் பேசினார். துப்பாக்கி ஏந்திய தீயவனைத் தடுக்கத் துப்பாக்கி ஏந்திய நல்லவனால் மட்டுமே முடியும். எனவே பள்ளிதோறும் ஆயுதக் காவல் வேண்டும் என்பது அவர் கூற்று. பத்தாண்டு கழிந்து, 2022 மே 24 அன்று டெக்சாஸ் மாநிலத்து யுவால்டியில் சோதனை வந்தது. அன்று பள்ளிக்கு வந்து சேர்ந்த காவல் துறையினர் 376 பேர்! ஒருவரல்லர், இருவரல்லர் — 376 பேர்! ஆயினும் வகுப்பறைக்குள் நுழைந்து கொலைகாரனை வீழ்த்த ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. குழந்தைகள் 19 பேரும் ஆசிரியைகள் இருவரும் மாண்டனர். தாயத்து பலிக்காதபோது மந்திரவாதி என்ன சொல்வான்? 'இன்னொன்று கட்டு' என்பான். அதைத்தான் அவர்களும் சொன்னார்கள்.

காணிக்கை எங்கே போயிற்று என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். சங்கத்தின் பணத்தைத் தம் ஆடம்பரத்துக்குச் செலவிட்டார் என 2024 பிப்ரவரியில் நியூயார்க் நடுவர் குழு லாபியேரைப் பொறுப்பாளி ஆக்கியது. 40 இலட்சம் டாலருக்கு மேல் அவர் திருப்பித்தர வேண்டும் என்றும் முடிவு செய்தது. அச்சம் கொண்ட ஏழை எளியோர் அனுப்பிய சந்தாவும் அந்தப் பணத்தில் உண்டு!

இன்னொரு செய்தி, பகுத்தறிவாளர் ஊன்றிப் பார்க்க வேண்டியது. வீட்டில் துப்பாக்கி இருப்பது, அவ்வீட்டில் கொலை நிகழும் வாய்ப்பை ஏறத்தாழ 2.7 மடங்கு உயர்த்துவதோடு தொடர்புடையது என்று கெல்லர்மன் குழுவினர் 1993இல் ஆய்வு முடிவு வெளியிட்டனர். கொல்பவர் பெரும்பாலும் முகமறியாக் கள்வனல்லர்; குடும்பத்தார், அல்லது நெருங்கிப் பழகியவர். அம்முடிவை மறுத்தோர் உண்டு. மறுக்க உரிமையும் உண்டு. ஆய்வை ஆய்வால் மறுத்திருக்கலாம். செய்தது என்ன? ஆய்வுக்குப் பணம் தந்த நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின்மீது பாய்ந்தனர். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை வலியுறுத்த அதன் நிதியைப் பயன்படுத்தலாகாது என்று 1996இல் சட்டத்தில் ஒரு விதி புகுத்தப்பட்டது. அதற்கு அஞ்சி இருபதாண்டுக்கு மேல் அத்துறை ஆய்வு முடங்கிக் கிடந்தது. 2019 இறுதியில்தான் மீண்டும் நிதி ஒதுக்கினர். விதிக்குப் பெயர் தந்த ஜே டிக்கி என்பாரே பிற்காலத்தில் அதற்காக வருந்தினார். அச்சத்தைப் பெருக்கியவர்கள், எண்ணிக்கையைக் கண்டு அஞ்சினார்கள்! ஏன்? பேய் எத்தனை அடி உயரம் என்று அளக்கத் தொடங்கினால் மந்திரவாதிக்குப் பிழைப்பில்லை.

இதுவரை எழுதியதைப் படித்து மகிழ்ந்த தோழர்களே, சற்றுப் பொறுங்கள். மறுதரப்பையும் அதே தராசில் நிறுத்த வேண்டும். நமக்குப் பிடித்தவர் மூட்டும் அச்சம் அறிவு, பிடிக்காதவர் மூட்டும் அச்சம் மடமை என்றால், நாம் பகுத்தறிவாளரல்லர், வெறும் கட்சிக்காரர்.

சாண்டி ஹூக்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்தோர் தொடங்கிய அமைப்பு ஒன்று, 2019இல் ஒரு படம் வெளியிட்டது. பள்ளி திறக்கும் பருவம். புதிதாக வாங்கித் தந்த பொருள்களைச் சிறுவர் சிறுமியர் பெருமையோடு காட்டுகின்றனர். புதிய காலணி — ஒருவன் அதை அணிந்து ஓடுகிறான், குண்டுக்குத் தப்பி! புதிய காலுறை — ஒருத்தி அதைக் காயம்பட்டவரின் காலில் கட்டுகிறாள், குருதியை நிறுத்த! புதிய தொலைபேசி — கழிவறையில் ஒளிந்திருக்கும் சிறுமி அதில் தாய்க்கு அன்பு சொல்லி அனுப்புகிறாள். காலடி ஓசை நெருங்குகிறது......

நாள்தோறும் வகுப்பறையில் நிற்கும் என் போன்றோர் இதைக் கண்கலங்காமல் காண முடியாது. கலையாக நோக்கினால், முந்தைய படத்தைவிடப் பன்மடங்கு உயர்ந்தது. அங்கே பெட்டகம் மாயமாய் மறைந்தது. இங்கே மாயம் ஏதுமில்லை. இத்தகைய கொடுமை நடந்திருக்கிறது. படமெடுத்தவர்கள் அதில் வெந்தவர்கள். ஆபத்தின் அறிகுறியைக் கண்டால் பெரியவரிடம் சொல் என்று கற்பிப்பதும் அவர்கள் பணி. அது தாயத்தன்று, மருந்து.

எனினும் அளவைக் கேட்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் குழந்தைகளையும் வளரிளம் பருவத்தாரையும் கொல்லும் காரணங்களுள் துப்பாக்கியே 2020இல் முதலிடம் பெற்றது, அச்சம் பொய்யன்று. ஆனால் அந்தச் சாவுகளில் மிகப் பெரும்பாலானவை பள்ளிக்கூடத்தில் நிகழ்வதில்லை. வீட்டில் நிகழ்கின்றன, தெருவில் நிகழ்கின்றன. பள்ளியை மட்டுமே காட்டும்போது பெற்றோர் மனம் எங்கே ஓடும்? குண்டு துளைக்காத புத்தகப் பை வாங்க ஓடும்! ஆம், அத்தகைய பையும் அங்கே விற்பனையில் இருக்கிறது. படமெடுத்தவர் விரும்பாமலே, இன்னொரு தாயத்துக்கு வழி திறந்துவிடுகிறது அச்சம்.

இரு படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கொள்கை எதிரெதிர், காட்சியோ ஒன்றே! அயலான் ஒருவன் கதவைத் திறந்துகொண்டு வருகிறான். இனி 2021ஆம் ஆண்டின் கணக்கைப் பாருங்கள். அவ்வாண்டு அமெரிக்காவில் துப்பாக்கியால் மாண்டவர் 48,830 பேர். அவர்களுள் 26,328 பேர் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள். பாதிக்கு மேல்! அவர்கள் வீட்டுக்குள் எந்த அயலானும் புகவில்லை. பெட்டகம் மறையவில்லை, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதுவே கேடாயிற்று. கலிபோர்னியாவில் 2 கோடியே 60 இலட்சம் மக்களைப் பன்னீராண்டு பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2020இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி உடைய ஆடவர், அது இல்லாதாரைவிட 8 மடங்கு மிகுதியாகத் தம்மைத் தாமே சுட்டு மாய்ந்தனர் என்று அது கண்டது. துயரம் கடந்து போகும்; ஒரு நாள் தள்ளிப்போட்டால் வாழ்வு மீளும். கையெட்டும் துப்பாக்கி அந்த ஒரு நாளைத் தருவதில்லை.

இந்தப் பெருந்துயரம் ஏன் பெரிய விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை? இதில் வெறுக்க ஒரு முகம் இல்லை. கள்வன் இல்லை, கொலைகாரன் இல்லை, மாற்றுக் கட்சித் தலைவர் இல்லை. சோர்ந்துபோன ஒரு தந்தை இருக்கிறார்; மனமுடைந்த ஓர் இளைஞன் இருக்கிறான். பகை இல்லாத இடத்தில் அச்சம் விலைபோவதில்லை. அச்ச விளம்பரத்தின் பெருங்குற்றம் மிகைப்படுத்துவது மட்டுமன்று; வாசற்கதவையே பார்க்கச் சொல்லி, வீட்டுக்குள் இருப்பவரைப் பார்க்கவிடாமல் செய்வதுமாகும்.

வேறு வழியே இல்லையா? உண்டு. பிரேடி எனும் அமைப்பும் அமெரிக்க விளம்பர மன்றமும் சேர்ந்து 2018இல் ஓர் இயக்கம் தொடங்கின. வீட்டில் பூட்டாமல் வைத்த துப்பாக்கி அவ்வீட்டார் உயிரையே குடிக்கிறது என்பதை எடுத்துரைப்பது அதன் நோக்கம். அதுவும் அச்சுறுத்துகிறதுதான். ஆனால் அது காட்டும் ஆபத்து, உண்மையில் இருக்கும் இடத்தில் இருக்கிறது. அது கேட்பதோ ஒரு பூட்டு! வாக்கைக் கேட்கவில்லை, வெறுப்பைக் கேட்கவில்லை. துப்பாக்கி வேண்டும் என்பவரும் வேண்டாம் என்பவரும் ஒருங்கே செய்யத்தக்க செயல் அது.

ஆகவே இளைஞர்களே, 'அச்சமூட்டுகிறான். ஆகவே பொய்யன்' என்று முடிவு கட்டாதீர்கள். தீப்பிடித்த வீட்டில் 'தீ, தீ' என்று கூவுபவனும் அச்சமூட்டுபவனே. அவன், தீ எங்கே என்று கேட்டால் காட்டுவான். தண்ணீர்க் குடத்தைக் கையில் தருவான். மந்திரவாதி, பேய் எங்கே என்று கேட்டால் சீறுவான், தாயத்தை நீட்டுவான். அரை நிமிடப் படம் ஒன்று உங்கள் நெஞ்சைப் படபடக்க வைக்கும்போது, அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எவ்வளவு? எங்கே? நீ தரும் பொருள் அதைக் குறைக்குமா? விடை சொல்ல மறுப்பவன் எந்தக் கட்சியினனாயினும், எந்த நாட்டினனாயினும், அவன் மடியில் இருப்பது தாயத்துதான்.