ஐந்து பாலம், நாற்பது நொடி

தஞ்சாவூரைக் களமாக வைத்துப் பதின்வயதினர் கதை ஒன்றைத் தொலைக்காட்சித் தொடராக எடுக்கிறார்கள் என்று வையுங்கள். அதன் முகப்பு எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். பெரிய கோயில் விமானத்துக்குப் பின்னால் சூரியன் எழும். டிரோன் மேலே ஏற, பச்சை வயல் பாய் விரித்தாற்போல் கீழே நகரும். வீணை ஒலிக்கும். தலையாட்டி பொம்மை ஒருமுறை ஆடி நிற்கும். பிறகு சீருடை போட்ட ஐந்தாறு பிள்ளைகள் வரப்பில் ஓடிவந்து கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒவ்வொரு படமும் அழகுதான். சுற்றுலா விளம்பரத்துக்கு அப்படியே பொருந்தும். ஆனால் இந்த ஊரில் பதினாறு வயதில் இருப்பது எப்படி என்பதற்கு இவற்றில் ஒன்றும் பதில் சொல்லாது. இந்த முகப்பை நிராகரிக்க வேண்டும் என்பது என் முடிவு. அதற்கு ஈடாக எதை வைப்பது என்பதுதான் யோசித்துச் சொல்ல வேண்டியது.

நம் வீடுகளில் டைட்டில் சாங் ஒரு அழைப்பு மணி. 1999இல் சன் டிவியில் ‘சித்தி’ தொடங்கியபோது, வைரமுத்து எழுதி, தினா இசையமைத்து, நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய முகப்புப் பாட்டைப் பலர் முதலில் கேட்டது அடுப்படியில் நின்றுகொண்டுதான். பாட்டு முடிவதற்குள் குக்கரை இறக்கி வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்துவிட வேண்டும். அந்தப் பாட்டு பார்ப்பவருக்காக மட்டும் போடப்பட்டதல்ல; அடுத்த அறையில் இருப்பவரையும் கூப்பிட்டது. இன்றைய பிள்ளைகள் காதில் இயர்போனோடு கைபேசியில் பார்க்கிறார்கள். அவர்களைக் கூடத்துக்குக் கூப்பிட வேண்டியதில்லை. போதாததற்கு, 2017இல் நெட்ஃபிளிக்ஸ் கொண்டுவந்த பொத்தானை அழுத்தினால் முகப்பே தாண்டிப் போய்விடும். கூப்பிடும் வேலை போன பிறகும் ஒரு முகப்பு நிற்க வேண்டுமென்றால், திரும்பத் திரும்பப் பார்க்க அதில் ஏதோ இருக்க வேண்டும்.

எத்தனை தடவை என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாரம் ஐந்து நாள் வரும் தொடர் ஆண்டுக்கு 260 முறை ஓடும். முகப்பு நாற்பது நொடி என்றால் 10,400 நொடி, அதாவது மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு முழுநீளப் படத்தின் நேரத்தை அந்த நாற்பது நொடி எடுத்துக்கொள்கிறது. சினிமாவின் டைட்டிலையும் தொடரின் டைட்டிலையும் ஒரே அளவுகோலால் அளக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

தஞ்சாவூர்ப் பள்ளிப் பருவம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும் ‘96’ படத்தையே எடுத்துக்கொள்வோம். 2018இல் வந்தது, பிரேம்குமார் இயக்கம். கோவிந்த் வசந்தா இசையில், கார்த்திக் நேத்தா வரிகளைப் பிரதீப்குமார் பாட, ராமச்சந்திரன் என்ற புகைப்படக்காரன் ஊர் ஊராகத் தனியாக அலைகிறான். அந்தத் தொடக்கத்தில் எத்தனையோ நிலம் வருகிறது, தஞ்சாவூர் வருவதில்லை. எல்லா இடத்திலும் நிம்மதியாக இருக்கிற மனிதனை முதலில் காட்டி, அவனைக் கலைத்துப் போடும் ஒரே ஊரைப் பின்னால் கொண்டுவருகிறார்கள். பள்ளிக்கூட வாசலில் அவன் நிற்கும்போது நமக்கு அடைக்கிற நெஞ்சுக்கு அந்தப் பாட்டு முன்கூட்டியே வேலை செய்து வைத்திருக்கிறது. தமிழ் சினிமாவின் தொடக்கப் பாடல்களில் அது மிகச் சிறந்தவற்றுள் ஒன்று என்றே மதிப்பிடுகிறேன். இருந்தும் ஒரு தொடருக்கு அது முன்மாதிரி ஆகாது. ஒளித்து வைத்துத் தரும் ஊரை ஒருமுறைதான் ஒளிக்க முடியும். மறுநாளும் அதையே செய்தால் ஒளிக்க ஒன்றும் இருக்காது. இன்னொன்று, அது முப்பது தாண்டியவன் திரும்பிப் பார்க்கும் பார்வை. பதினாறு வயதுக்குத் திரும்பிப் பார்க்க ஏது?

இந்த ஏக்கப் பார்வைதான் நம் பள்ளித் தொடர்களின் பெரிய குறை. 2006இல் விஜய் டிவியில் வந்த ‘கனா காணும் காலங்கள்’ தமிழ்த் தொலைக்காட்சியில் ஒரு தலைமுறைக்குத் தன் வயதைத் திரையில் காட்டிய தொடர். அதன் இடத்தை யாரும் மறுக்க முடியாது. 2022இல் ஹாட்ஸ்டாரில் அதே பெயரில் மீண்டும் எடுத்தார்கள் என்றால், பதினாறு ஆண்டு கழித்தும் அந்தப் பெயருக்கு இருந்த பிடிப்பு அப்படி. ஆனால் பெயரையே பாருங்கள். 2004இல் ‘7ஜி ரெயின்போ காலனி’ பாடல் ஒன்று ஏற்கெனவே பிரபலமாக்கியிருந்த சொற்றொடர் அது. ‘காலங்கள்’ என்ற சொல்லிலேயே அது முடிந்துபோனது என்ற தொனி இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை தன் பருவத்தை அப்படிச் சொல்லாது, வளர்ந்தவர்கள்தான் சொல்வார்கள்.

ஏக்கம் கலக்காமல் பள்ளிப் பிள்ளைகளைத் தொடங்கி வைத்த முகப்பு ஒன்று நம்மிடம் உண்டு. தூர்தர்ஷனில் 1980களில் வந்த ‘மால்குடி டேஸ்’. சங்கர் நாக் இயக்கினார், எல். வைத்தியநாதன் இசை. ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்கள் ஒவ்வொன்றாக வர, பின்னால் ஒரு முணுமுணுப்பு. கற்பனை ஊருக்குப் புகைப்படம் ஏது? அதனால் ஓவியம் வைத்தது வெறும் அலங்காரமாக இல்லாமல் சரியான முடிவாகவே அமைந்தது. அந்த ஓவியத்தில் எத்தனை முறை பார்த்தாலும் தேட ஒரு மூலை மிச்சம் இருந்தது.

கடல் தாண்டிய உதாரணம் ஒன்றும் சொல்ல வேண்டும். 1999இல் அமெரிக்காவில் வந்து பதினெட்டே பகுதிகளில் நிறுத்தப்பட்ட ‘ஃப்ரீக்ஸ் அண்ட் கீக்ஸ்’. பள்ளி ஆண்டு மலருக்குப் படம் எடுக்கிறார்கள். ஒவ்வொரு மாணவராக நாற்காலியில் வந்து உட்கார்கிறார். ஃபிளாஷ் அடிப்பதற்கு முந்தைய கணத்தில் முகம் என்ன செய்கிறது என்று காட்டுகிறார்கள். செலவே இல்லை. வெட்கம், வீறாப்பு, பயம் எல்லாம் அந்த ஒரு நாற்காலியில் வந்துவிடுகின்றன. முகங்களை அறிமுகப்படுத்துவதில் இதை மிஞ்சிய பள்ளி முகப்பை நான் பார்த்ததில்லை. நமக்கு எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. நம் பள்ளிகளில் குரூப் போட்டோ ஆண்டின் முடிவில் வருவது, தலைமையாசிரியர் நடுவில் உட்கார, உயரவாரியாக நிற்பது. அது கடைசிப் பகுதிக்கு உரிய படம். அதோடு, நாற்காலியில் முகம் கிடைக்கும், ஊர் கிடைக்காது.

ஊரைக் காட்டுவதில் டெல்டாவுக்கு என்று ஒரு சிக்கல் இருக்கிறது. தரை தட்டை. ஏறி நின்று பார்க்கக் குன்று கிடையாது. வரப்பில் நிற்கும் ஆளுக்கு அடுத்த மூங்கில் கொத்துவரைதான் கண்ணுக்கு எட்டும். அதனால்தான் எல்லோரும் டிரோனைப் பறக்கவிடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் வயல் கோலம் போல இருக்கும். அதில் யார் நிலம், யார் நடவு என்பது மறைந்துவிடும். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டது கூலி நெல்லுக்காக நடந்த போராட்டத்தின் நடுவில். அந்த மண்ணின் பச்சையை வெறும் பச்சையாகக் காட்டுவதில் எனக்குச் சம்மதமில்லை. அதுபோலவே கிராமத்துப் பள்ளி என்றதும் கலை இயக்குநர்கள் போடுகிற கீற்றுக் கூரை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக் கீற்றுக் கூரையில் பற்றிய தீக்கு 94 குழந்தைகளைக் கொடுத்த மண்டலம் இது. இங்கே கீற்றுக் கூரையை அழகுக்காக வைப்பதற்கு எந்த இயக்குநருக்கும் மனம் வரக் கூடாது.

டிரோன் வேண்டாம், வரப்பிலிருந்து பார்த்தாலும் தெரியாது என்றால் எங்கே நிற்பது? தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பேருந்தில் போனவர்களுக்கு விடை தெரியும். பதின்மூன்று கிலோமீட்டர் சாலை. கரந்தை தாண்டும் இடத்தில் வடவாறு, பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு, அடுத்து வெட்டாறு, பிறகு குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐந்து ஆறு, ஐந்து பாலம். இந்தத் தட்டை நிலத்தில் மனிதர் தினமும் ஏறி இறங்கும் மேடு பாலம் ஒன்றுதான். பாலம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுத் தண்ணீர் வந்திருக்கிறதா என்று ஜன்னல் பக்கம் திரும்பாத பயணியை இந்தப் பக்கத்தில் நான் கண்டதில்லை. பள்ளிப் பிள்ளைகளும் திரும்புவார்கள். அந்தத் திரும்பும் முகங்கள்தான் முகப்பு. ஒரு பாலத்துக்கு எட்டு நொடி, ஐந்து பாலத்துக்கு ஐந்து பிள்ளைகள், நாற்பது நொடி.

முதலில் பேருந்தை மட்டும்தான் யோசித்தேன். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இலவச பஸ் பாஸ் வைத்திருக்கும் பிள்ளைகள் பேருந்தில் வருவார்கள். மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகள் வேனில் போவார்கள். பிளஸ் ஒன்னில் அரசு தந்த சைக்கிளை மிதித்து வரும் பெண் யாருக்காகவும் காத்திருக்க மாட்டாள். திருவையாற்று அரசு இசைக் கல்லூரியில் தவில் படிக்கப் போகும் பையன் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு எதிர்த் திசையில் வருவான். ஒரே வயது, ஒரே சாலை, நான்கு வாழ்க்கை. பேருந்துக்குள் கேமராவை வைத்தால் இவர்களில் பாதிப்பேர் கதைக்கு வெளியே போய்விடுவார்கள். அதனால் கேமரா பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரம் நிற்க வேண்டும். பேருந்து, வேன், சைக்கிள், நெல் ஏற்றிய டிராக்டர் எல்லாம் அதைக் கடந்துதான் போயாக வேண்டும்.

எழுத்துக்கு அதிகம் தேட வேண்டாம். கல்வெட்டு எழுத்தும் தங்க ரேக்கும் தஞ்சாவூர் ஓவியக் கடைக்கே இருக்கட்டும். பாலத்துத் தூணில் நீர்மட்டம் பார்க்க வரைந்திருக்கும் அளவுகோல் இருக்கிறது; நடிகர் பெயரை அந்த எண்களின் பக்கத்தில், அதே தூரிகை எழுத்தில் எழுதினால் போதும். இசைக்கு வீணை வேண்டாம் என்பேன். அதன் மென்மை பெரியவர்களின் மாலை நேரத்துக்கு உரியது. தவில் இந்த மண்ணின் சத்தம், பதின்வயதின் சத்தமும்கூட. பாட்டு இல்லாமல் தவில் மட்டும் பாலத்துக்குப் பாலம் நடை மாறினால், அடுத்த அறையில் இருப்பவருக்கும் இன்று எந்தப் பிள்ளையின் கதை என்று காதே சொல்லிவிடும்.

260 முறை தாங்குமா என்ற கேள்விக்கு விடை ஆற்றிலேயே இருக்கிறது. மே மாதம் இந்தப் பாலங்களுக்குக் கீழே வெறும் மணல், பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஜூன் 12 மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாள். பள்ளி திறப்பதும் அதை ஒட்டித்தான். 2023இல் ஆறாம் வகுப்புக்கு மேல் பள்ளி திறந்ததும் அணை திறந்ததும் ஒரே நாள். ஆடிப்பெருக்கில் ஆறு கரை தொட்டு ஓடும். ஐப்பசியில் குறுவை அறுவடை முடிந்து, பாதிச் சாலையில் ஈர நெல் காயும், மீதிப் பாதியில் பேருந்து ஒதுங்கிப் போகும். தை நடுவில் அணையை மூடுவார்கள். சம்பா அறுத்த தாளில் உளுந்து முளைத்துக் கொண்டிருக்கும்போது பொதுத்தேர்வு வரும். இந்த நான்கு நிலையிலும் அதே ஐந்து பாலத்தை, அதே இடத்தில் கேமராவை வைத்து எடுத்து, கதை நடக்கும் மாதத்துக்கு ஏற்ப மாற்றினால், முகப்பு கதையோடு வளரும். 2024 போல ஜூன் போய் ஜூலை 28 வரைக்கும் அணை திறக்காத ஆண்டும் வரும். அந்த ஆண்டு பள்ளி திறந்த பிறகும் முகப்பில் மணலே இருக்கட்டும். கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று அப்பா போனில் கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது என்னவென்று புரியும்.

சென்னையிலோ சிங்கப்பூரிலோ பார்ப்பவருக்கு ஐந்து ஆற்றின் பெயர் தெரியாதே என்று தயாரிப்பாளர் கேட்கலாம். கல்கி 1950இல் ‘பொன்னியின் செல்வ’னைத் தொடங்கியபோது அரண்மனையையோ கோயிலையோ முன்னால் வைக்கவில்லை. ஆடிப்பெருக்கு நாளில், நிரம்பிக் கிடக்கும் வீரநாராயண ஏரிக்கரையில், குதிரை மேல் ஓர் இளைஞனை வைத்தார். அந்த ஏரியைக் கண்ணால் கண்டிராதவர்களும் அந்தக் கரையில் அவனோடு கூடவே போனார்கள்.

ஆகவே என் தீர்ப்பு: கோபுரத்தை விட்டுவிட்டுப் பாலத்தை எடுங்கள். எடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அதற்குள் கேமராவோடு திருவையாற்றுக்கு வந்துவிடுங்கள்.