மடத்து ஏடுகளும் உ.வே.சா.வும்: ‘என் சரித்திர’த்தை எப்படிப் படிப்பது?



“உ.வே.சா. கரையானிடமிருந்து தமிழைக் காப்பாற்றினார்.” இந்த வரியை மாணவர் கட்டுரைகளில் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! வரியில் பிழை எதுவும் கிடையாது. ஆனா அதோட கதை முடிஞ்சுடுது. அதுவரை அந்த ஏடு யார் அலமாரியில் இருந்தது, இருந்தும் ஏன் யாரும் படிக்கவில்லை என்று ஒருவரும் கேட்பதில்லை. ‘என் சரித்திரம்’ கையில் இருந்தால் கேட்காமல் இருக்க முடியாது. 1940இல் ஆனந்த விகடனில் தொடராகத் தொடங்கி, 1942இல் உ.வே.சா. மறைந்ததால் பாதியில் நின்ற நூல் அது. 1950இல் புத்தகமாக வந்தது. சங்கப் பாடலோ சிலப்பதிகாரமோ படிக்கிற மாணவர், அந்தப் பாடம் தம் கைக்கு வந்து சேர்ந்த வழியைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல நூல் இல்லை என்பது என் கருத்து. ஆனால் நூலாசிரியர் சொல்வதை அப்படியே ஏற்றுப் படிக்கக்கூடாது. கொஞ்சம் எதிர்க்கேள்வி கேட்டுக்கொண்டே படிக்க வேண்டும்.

நூலின் நெஞ்சுப்பகுதி திருவாவடுதுறை ஆதீனம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் இளைஞர் சாமிநாதன் பாடம் கேட்ட இடம். மடம் என்றதும் நம் மாணவர்களுக்குச் சாமியும் பூசையும்தான் நினைவுக்கு வரும். உ.வே.சா. காட்டும் மடத்தில் சாப்பாடு இருக்கிறது, தங்க இடம் இருக்கிறது, ஏடு இருக்கிறது, பாடம் சொல்ல ஆள் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உட்கார்ந்து ரசித்துக் கேட்கிற ஒரு தலைவரும் இருக்கிறார். அவர்தான் சுப்பிரமணிய தேசிகர். ஒரு கல்லூரிக்கு வேறென்ன வேணும், சொல்லுங்க. இந்தப் பகுதிகளில் உ.வே.சா.வின் எழுத்து மிக நன்றாக இருக்கிறது. அலங்காரம் இல்லாத நடை. யார் எங்கே உட்கார்ந்தார், எந்தப் பாட்டைச் சொன்னார், என்ன சாப்பிட்டார்கள் என்று சின்னச் சின்ன விவரமாகவே போய்க்கொண்டிருக்கும். மொழிநடை பற்றிக் கேள்வி வந்தால் இதை ஒரு மாதிரியாகக் காட்டலாம்.

ஆனால் 1880 அக்டோபர் 21ஆம் தேதி என்ன நடந்தது என்று பாருங்கள். கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன உ.வே.சா., சேலம் இராமசாமி முதலியார் என்ற முன்சீப்பைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை தெரியுமா என்கிறார். தமிழகத்தின் மிகப் பெரிய ஆசிரியரிடம் படித்தவருக்கு அந்த நூல்கள் பாடமாக இருந்ததில்லை! நூல் முழுவதிலும் எனக்கு மிக முக்கியமான பக்கம் இதுதான்.

ஏன் பாடமாகவில்லை? சிந்தாமணி சமண நூல், மணிமேகலை பௌத்த நூல் என்பது ஒரு காரணம். பாதிக் காரணம்தான் என்று நினைக்கிறேன். சமயச் சார்பே இல்லாத சங்க நூல்களும் படிப்பில் இல்லையே. இங்கே ஓலையின் இயல்பைப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஐரோப்பாவில் ஒரு மடத்தோடு ஒப்பிட்டால் விளங்கும். சுவிட்சர்லாந்தில் செயின்ட் காலன் என்ற பெனடிக்ட் சபை மடம் 8ஆம் நூற்றாண்டில் உருவானது. அதன் நூலகம் இன்றும் அங்கேயே இருக்கிறது. 1416இல் போஜ்ஜோ என்ற இத்தாலிய அறிஞர் அங்கே போய், குவின்டிலியன் என்ற ரோமானிய ஆசிரியரின் நூலை முழுமையாகக் கண்டெடுத்தார். பேச்சுக்கலையைக் கற்பிப்பது எப்படி என்று சொல்லும் நூல் அது. அதாவது நம்ம ஆளு! புழுதி படிந்த கோபுர அறையில், சிறைக்கைதி போலக் கிடந்ததாகப் போஜ்ஜோ கடிதம் எழுதினார். துறவிகள் படித்தார்களோ இல்லையோ, தோலில் எழுதிய நூல் பல நூற்றாண்டு தாங்கும். கவனிக்காமல் விட்டாலும் ஒருவர் வருகிறவரை காத்திருக்கும். நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் பனையோலைக்கு அந்தப் பொறுமை கிடையாது. சில தலைமுறைக்கு ஒருமுறை புது ஓலையில் பெயர்த்து எழுதியே ஆகவேண்டும். யார் எழுதுவார்? பாடம் கேட்கிற மாணவன்தான். ஆக, பாடம் சொல்லாத நூலுக்குப் பிரதி குறையும். பிரதி குறைந்த நூல் ஒருநாள் இல்லாமலே போகும். மடத்தின் பாடத்திட்டம்தான் ஒரு நூலின் ஆயுளைத் தீர்மானித்தது.

போஜ்ஜோவையும் உ.வே.சா.வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். போஜ்ஜோ மடத்தைத் திட்டினார். உ.வே.சா. திட்டவே மாட்டார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தில் போட்டுவிட்டார்கள் என்று கேட்டுத் துடித்த மனிதர்தான். அதையெல்லாம் மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஆனால் தம்மை வளர்த்த மடத்தைப் பற்றி எழுதும்போது பேனா மென்மையாகிவிடுகிறது. நன்றியுணர்ச்சி, புரிகிறது. சங்க நூல்களைப் பதிப்பிக்கும்போது மடம் தன் ஏடுகளைத் தந்து உதவியது. குறிஞ்சிப்பாட்டில் விடுபட்டிருந்த சில மலர்ப் பெயர்கள் தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் கிடைத்தன. மடம் வைத்திருந்ததால்தான் கிடைத்தது. மடம் படிக்காமல் வைத்திருந்ததால்தான் தேட வேண்டியும் வந்தது. இந்த இரண்டாவது வாக்கியத்தை உ.வே.சா. எழுதவில்லை. வாசகர்தான் எழுதிக்கொள்ள வேண்டும்.

எழுதாத இன்னொன்றும் உண்டு. அந்தப் பாடசாலைத் திண்ணையில் யார் உட்காரலாம், யார் உட்கார முடியாது என்பது. மலாக்காவின் ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களுக்குப் பால்மரம் சீவ வந்த நம் முன்னோர்களில் பலருக்கு அந்த மடத்து வாசல் திறந்திருக்காது. அவர்கள் கொண்டுவந்தது தாலாட்டும் ஒப்பாரியும் தெம்மாங்கும், கூடவே நல்லதங்காள், அல்லி அரசாணி மாலை மாதிரிப் பெரிய எழுத்துப் புத்தகங்களும். தமிழைக் காத்தவர் பட்டியல் போடும்போது மடத்தோடு லயத்து வீட்டையும் சேர்க்கணும் என்றால் யாராவது சிரிக்கலாம். சிரிக்கட்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஜனங்கள் டவுனுக்குப் போனபோது எத்தனை கோயில் கணக்குப் புத்தகம், பள்ளி வருகைப் பதிவேடு, கையெழுத்து இதழ் காணாமல் போயின? அங்கே ஓமம் யாரும் வளர்க்கவில்லை; வீடு காலி பண்ணும்போது குப்பையோடு போயிருக்கும். நம் நாட்டில் தமிழாசிரியர் முரசு நெடுமாறன் தேடித் தொகுத்த ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ 1887 முதல் 1987 வரையான கவிதைகளைக் கொண்டது. 1887தான் உ.வே.சா.வின் சிந்தாமணிப் பதிப்பு வந்த ஆண்டும். தற்செயல்தான், ஆனாலும் மாணவர்களுக்கு இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஆண்டு மறக்காது.

தேர்வு மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. பதிப்பு வரலாறு பற்றி எழுதும்போது உ.வே.சா.வை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரும் சி.வை. தாமோதரம் பிள்ளையும் அவருக்கு முன்பே பதிப்பில் இறங்கியவர்கள். ‘நாவலர்’ என்ற பட்டத்தைக் கொடுத்ததே திருவாவடுதுறை ஆதீனம்தான். கலித்தொகையை 1887இல் அச்சில் கொண்டுவந்தவர் தாமோதரம் பிள்ளை. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898: இவை உ.வே.சா. பதிப்புகள்.

ஆசிரியர்களுக்கு: ஏடு படிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை விளக்கிச் சொல்வதைவிடச் செய்ய வைப்பது மேல். ஓலையில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள். குத்தினால் ஓலை கிழியும். எகர ஏகார வேறுபாடும் இருக்காது. ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி இருக்கும். சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. மாணவர்களுக்குத் தெரிந்த ஒரு பத்தியை இந்த விதிப்படி பலகையில் எழுதுங்கள். ‘எரி’ என்பது நெருப்பா, ‘ஏரி’யா? படிவம் நான்கு வகுப்பில் இதைச் செய்து பார்த்தேன். முதல் வரியைத் தாண்டவே கால் மணி நேரம் ஆச்சு. பின்வரிசைப் பையன் ஒருத்தன், “சார், இப்படித்தான் மொத்தப் புத்தகத்தையும் படிச்சாரா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். அடுத்த வாரம் நூலகத்தில் ‘என் சரித்திரம்’ இரவல் போயிருந்தது.