பாட்டும் பாயும்

கிறிஸ்தவக் கீர்த்தனைக் கவிஞர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பிறந்து 2024-இல் 250 ஆண்டுகள் நிறைந்தன. கிடாரும் கீபோர்டும் முழங்கும் இன்றைய ஆராதனைகளில் சலிப்படைந்த ஒரு தலைமுறை, மறுபடியும் கீர்த்தனைகளைத் தேடி வருகிறது. நல்ல செய்திதான். ஆனால் அந்தத் தேடலோடு ஒரு வாதமும் கூடவே வருகிறது. "சாஸ்திரியார் கிறிஸ்தவத்துக்குத் தமிழ் உடை தந்தவர், சாதி விஷயத்தில் அவர் கொண்ட நிலை அந்தக் காலத்துப் பழக்கம், அதையும் பாட்டையும் சேர்த்துப் பேசக் கூடாது" என்பது அந்த வாதம். சபை மேடைகளில் இதைப் பலமுறை கேட்டுவிட்டேன். படித்தவர்கள் சொல்கிறார்கள், நல்லெண்ணத்தோடு சொல்கிறார்கள். இருந்தாலும் இது தவறான வாதம். அதை மறுப்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவருடைய பெருமையில் எனக்குச் சந்தேகம் இல்லை. திருநெல்வேலியில் பிறந்த சிறுவனை மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்து வந்து வளர்த்தார். இளவரசர் சரபோஜியும் அதே ஷ்வார்ட்ஸின் மாணவர். அந்தச் சிறுவன் பின்னாளில் நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். 1800-இல் அவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சி, கோயிலையும் அரசவையையும் சார்ந்து வளர்ந்த ஒரு வடிவத்தை அப்படியே வேதக் கதைக்குக் கொண்டுவந்தது. கோப்பர்னிக்கஸின் வானவியலைக்கூட அதில் பாட்டாக்கினார். அரசர் தம் தெய்வத்தைப் பாடச் சொன்னபோது மறுத்துவிட்டு இயேசுவையே பாடினார் என்று பரம்பரையாகச் சொல்லப்படுகிறது. மகளாக வளர்ந்த ஞானதீபத்துக்குத் தமிழும் இசையும் கற்பித்தார். பெண்ணுக்கு எழுத்தே வேண்டாம் என்றிருந்த நாளில் அதைச் செய்தார். அவர் வம்சத்தினர் இன்றும் காலட்சேபம் செய்கிறார்கள். பாடகராகவும் விசுவாசியாகவும் தகப்பனாகவும் அவரிடம் கற்க வேண்டியது நிறைய உண்டு. இதில் எந்தக் குறைவும் வைக்காமல்தான் அடுத்த செய்திக்கு வருகிறேன்.

1820-களில் தஞ்சைச் சபைக்குப் புதிதாக வந்த மிஷனரிகளோடு சாஸ்திரியாருக்குப் பெரும் மோதல் ஏற்பட்டது. அவர்கள் செய்தவற்றை நான்கு கொடுமைகள் என்று அவர் எண்ணிக் காட்டினார். பப்ரீஷியஸ் மொழிபெயர்த்த தமிழ் வேதத்தைத் திருத்துவது ஒன்று. சபையில் சாதிகளை ஒன்றாக உட்காரக் கட்டாயப்படுத்துவது இன்னொன்று. பண்டிகையிலும் கல்யாணத்திலும் பூமாலையைத் தடுப்பது மூன்றாவது. வழிபாட்டில் தமிழ்ப் பாட்டுகளை நிறுத்துவது நான்காவது.

இந்தப் பட்டியலை நிதானமாக இன்னொரு முறை படியுங்கள். பாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற கோரிக்கையும் சபையார் உட்காரும் பாயைச் சாதிவாரியாகப் பிரித்துப் போட வேண்டும் என்ற கோரிக்கையும் ஒரே மூச்சில் வருகின்றன. பூவும் பாட்டும் தமிழர் பண்பாடு என்றால், பறையர் கிறிஸ்தவர் தள்ளி உட்கார்வதும் அதே பண்பாடுதான் என்பது அவருடைய நிலைப்பாடு. பூவையும் பாட்டையும் பொறுத்தவரை நியாயம் அவர் பக்கம். ஐரோப்பியப் பாட்டுப் புத்தகத்தைத் தமிழன் தலையில் கட்டிய மிஷனரிகளை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் "பாட்டையும் சாதியையும் சேர்த்துப் பேசாதீர்கள்" என்று இன்று நம்மிடம் சொல்கிறவர்கள், அவற்றை முதலில் சேர்த்தவர் சாஸ்திரியார்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். பட்டியல் அவருடையது. அதில் மூன்றை மேடையில் வாசித்து ஒன்றை விழுங்கிவிடுவது அவருக்கே செய்கிற அநீதி. அவர் தம் கருத்தை ஒளித்து வைத்தவர் அல்லர். 1829-இல் சாதியாசாரத்துக்கு ஆதரவாகவே தனி நூல் எழுதினார். சாதி என்பது சுத்தம், உணவு, மரியாதை சார்ந்த உலக ஒழுங்கு, விசுவாசத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, ஐரோப்பியர்களிடமும் மேல் கீழ் உண்டே என்பது அவர் வாதத்தின் சாரம். இந்தச் சண்டையில் மிஷன் வேலையையும் இழந்தார். இத்தனை விலை கொடுத்து ஒருவர் பிடித்துக்கொண்ட கொள்கையை "அந்தக் காலத்துப் பழக்கம்" என்று சொல்லிக் கடந்துவிட முடியுமா? பழக்கம் என்பது யோசிக்காமல் செய்வது. அவர் யோசித்தார், வாதாடினார், எழுதி வைத்தார்.

சரி, "அந்தக் காலம்" என்கிறார்களே, அந்தக் காலத்தில் வேறு யாருமே இல்லையா? தஞ்சைச் சீமையில் சீர்திருத்தச் சபை ஷ்வார்ட்ஸ் வருவதற்கு முன்பே முளைத்துவிட்டது. விதை போட்டவர்களில் முதன்மையானவர் ராஜநாயக்கன். பறையர் குலத்தவர், தஞ்சை அரசரின் படைவீரர். சீகன்பால்கு மொழிபெயர்த்து அச்சிட்ட சுவிசேஷங்களைப் படித்து மனம் மாறித் தரங்கம்பாடி மிஷனோடு சேர்ந்தார். ஊர் ஊராக உபதேசியாராக அலைந்தார். அடியும் மிரட்டலும் கண்டார். 1741-இல் இரண்டாவது தமிழ்ப் போதகரை அபிஷேகம் செய்யும் நேரம் வந்தபோது அவர் பெயரும் பேசப்பட்டது. ஆனால் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் அவர் கையால் திருவிருந்து வாங்கமாட்டார்கள் என்ற அச்சத்தில் அவரை விட்டுவிட்டுத் தியோகுவை அபிஷேகம் செய்தார்கள். ராஜநாயக்கன் 1771-இல், உபதேசியாராகவே இறந்தார். மூன்று ஆண்டுகள் கழித்துச் சாஸ்திரியார் பிறந்தார். ராஜநாயக்கனும் "அந்தக் காலத்து" மனிதர்தான். அந்தக் காலத்தின் பழக்கம் என்று நாம் சொல்வதெல்லாம் பாயின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்தவர்களின் பழக்கம் மட்டுமே. மறுபக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அது பழக்கமாக இருக்கவில்லை, காயமாக இருந்தது.

சாஸ்திரியாரின் சமகாலத்துக்கே வருவோம். தென் திருவிதாங்கூரின் மயிலாடியைச் சேர்ந்த மகராசன் என்பவரும் பறையர் குலத்தவர். சிதம்பரம் வரை யாத்திரை போய் மன நிறைவு காணாமல், தஞ்சையில் உறவினர்களிடம் வந்தவர் அங்கே சபையில் பிரசங்கம் கேட்டு வேதமாணிக்கம் ஆனார். அவர் கேட்டுக்கொண்டதால்தான் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்குப் போனார். தென் திருவிதாங்கூர் சபைகளின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது. அந்த மனிதர் முதன்முதலில் வசனம் கேட்டது சாஸ்திரியார் பாடிய அதே தஞ்சையில். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் தம்மிடம் பயின்ற மாணவர்கள் சாதி பாராமல் ஒன்றாக உண்ண வேண்டும் என்றார். வேதத்தைத் திருத்தியதற்காகச் சாஸ்திரியார் கடிந்துகொண்ட அதே ரேனியஸ். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகவும் முற்றிலுமாகவும் ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சையில் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். சாதியைப் பொறுத்துக்கொண்ட லைப்சிக் மிஷனில் அவர்களில் ஒரு பகுதியினர் பின்னர் இடம் தேடிக்கொண்டார்கள். ஆகவே அந்தக் காலத்தில் இரண்டு குரல்கள் இருந்தன. சாஸ்திரியார் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். தேர்வுக்குத் தேர்ந்தவர்தான் பொறுப்பு.

எனக்கு இதில் அதிகம் வலிப்பது அவருடைய கலைதான். குறவஞ்சி என்ற வடிவத்தின் உயிர்நாடி எது? தலைவி காதலில் வாடுகிறாள். மலையிலிருந்து கூடை இடுக்கிக்கொண்டு ஒரு குறத்தி வருகிறாள். உயர்குடித் தலைவி அவளை உள்ளே அழைத்து, உட்காரவைத்து, தன் கையை நீட்டுகிறாள். குறத்தி அந்தக் கையைப் பிடித்து, ரேகை பார்த்து, தலைவன் யாரென்று சொல்கிறாள். குறத்தி தொடாமல் குறி இல்லை; குறி இல்லாமல் குறவஞ்சி இல்லை. பெத்லகேம் குறவஞ்சியில் தலைவி தேவமோகினி. அவள் ஏங்கும் தலைவன் பெத்லகேம் நாதர். குறத்தியாக வருவது விசுவாசம். இரட்சகர் யாரென்று ஆத்துமாவுக்குச் சொல்லும் வேலையை ஊருக்கு வெளியே வாழும் ஒரு பெண்ணின் வாயில் வைத்த கவிஞர் இவர். தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தில் இதைவிடத் துணிந்த கற்பனையை நான் கண்டதில்லை. கதையில் குறத்தி தலைவியின் கையைப் பிடிக்கலாம். சபையில் அவளைப் போன்ற ஒருத்தி பக்கத்துப் பாய்க்கு வரக் கூடாது. தன் பாட்டு போன தூரத்துக்குக் கவிஞர் போகவில்லை. அவருடைய கால்கள் தயங்கிய இடத்தைத்தான் இன்றைய புகழுரைகள் துணி போட்டு மூடுகின்றன.

இந்தத் தயக்கம் அவரோடு முடிந்துபோயிருந்தால் நான் எழுதத் தேவையே இருந்திருக்காது. அது பாட்டுக்குள்ளும் இறங்கியது. கீர்த்தனை மரபு இராகத்தையும் தாளத்தையும் பயிற்சியையும் கேட்கிற மரபு. அந்தப் பயிற்சி யாருக்குக் கிடைத்தது? அரசவையும் மடமும் கோயிலும் யாருக்குத் திறந்திருந்தனவோ அவர்களுக்கு. அந்த இசையைத் "தமிழ் இசை" என்று சபை ஏற்றபோது சேரியின் இசை தமிழில்லாததுபோல ஆகிவிட்டது. நான் வளர்ந்த ஊர்ச் சபையில் கிறிஸ்துமஸ் இரவுப் பவனிக்குப் பறை அடிப்பார்கள். தெரு முழுக்க அந்த அடிக்குத்தான் நாங்கள் நடப்போம். ஆலய வாசற்படி வந்ததும் பறை நின்றுவிடும். அடித்தவர்கள் கருவியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பின்வரிசையில் போய் உட்கார்வார்கள். அவர்களும் அதே சபையார்தான். உள்ளே மிருதங்கமும் ஆர்மோனியமும் காத்திருக்கும். மிருதங்கத்திலும் தோல், பறையிலும் தோல். ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. ஏன் என்று கேட்டபோது, "அது சாவு மேளம்பா" என்றார் ஒரு பெரியவர். சிலுவையைப் பாடுகிற இடத்தில் சாவு மேளத்துக்கு இடமில்லை என்பது அன்றைக்கே எனக்கு விளங்கவில்லை, இன்றைக்கும் விளங்கவில்லை.

இந்தக் கேள்விக்குப் பாட்டாலேயே பதில் சொன்னவர் பரட்டை என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், 2005-இல் மறைந்தார். கீர்த்தனையின் அழகை மறுப்பது அவர் நோக்கமாக இருக்கவில்லை. அந்த அழகு யாரை வெளியே நிறுத்தியது என்று கேட்டார். நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் பறை ஒலியிலும் முழு வழிபாட்டு முறையையே அமைத்தார். எல்லார் வீட்டு அரிசியும் ஒரே உலையில் கொதித்து எல்லாரும் கூடி உண்பதைத் திருவிருந்தின் பொருளாகக் கண்டார். பயிற்சி பெறாத கிராமத்துப் பெண்களும் முதல் நாளிலேயே சேர்ந்து பாடினார்கள். கீர்த்தனையின் மீட்சியைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, அதே மூச்சில் அப்பாவுவின் பெயரை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

கீர்த்தனையைப் பாடுகிறவர் எல்லாரும் சாதி பார்க்கிறவர்கள் என்று நான் சொல்லவில்லை. சாஸ்திரியாரின் பாட்டைத் தலித் சபைகளும் நெஞ்சார்ந்து பாடுகின்றன. என் தாயும் அதைப் பாடித்தான் எங்களைத் தூங்கவைத்தார். பாட்டு அதைக் கட்டியவரைவிடப் பெரியது. அதனால்தான் பாட்டை வைத்துக்கொண்டு பாயை மறைக்கத் தேவையில்லை என்கிறேன். மறைத்தால் பாட்டும் கறைபடும். "பண்பாடு" என்ற ஒரே சொல்லால் பூவையும் பிரிவினையையும் சேர்த்துக் கட்டிய அந்த முடிச்சை நாம் அவிழ்க்காவிட்டால், நாளைக்கும் யாராவது அதே சொல்லைச் சொல்லித் தனிக் கல்லறைத் தோட்டத்தையும் தனித் தெருவையும் நியாயப்படுத்துவார்கள். இன்றும் தமிழகத்தில் சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் கிறிஸ்தவ ஊர்கள் இருக்கின்றன. பாட்டு முடிந்த பின்னும் பாய் சுருட்டப்படவில்லை.

அடுத்த முறை சாஸ்திரியாருக்கு விழா எடுப்பவர்களிடம் ஒரே வேண்டுகோள். அவர் பாடல்களைப் பாடுங்கள். குறவஞ்சியை முழுதாக அரங்கேற்றுங்கள். அவர் எண்ணிக் காட்டிய நான்கையும் ஒன்றுவிடாமல் வாசியுங்கள். பறையை வாசலில் நிறுத்தாமல் பலிபீடத்தின் முன்பு வரை கொண்டு வாருங்கள். அழைப்பிதழில் சாஸ்திரியாரின் பெயருக்குப் பக்கத்தில், ஒரே வரிசையில், ஒரே அளவு எழுத்தில், ராஜநாயக்கனின் பெயரையும் அச்சிடுங்கள். தஞ்சைச் சபை அவருக்கு அந்த இடத்தைக் கடன்பட்டிருக்கிறது.